டெய்லரக்கா பார்க்காத கடைசி அரைமணி

டெய்லரக்காவுக்கு ஹாலிவுட் படங்கள் பழக்கமானதே சிறுநீரகம் கைவிட்ட பிறகுதான். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, டயாலிசிஸ் பிரிவில் மூன்றாம் படுக்கை. இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், சுத்தமாகி இன்னொன்றின் வழியாகத் திரும்பும். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. எதிர்ச்சுவரில் ஒரு டிவி. அதன் ரிமோட் எப்போதோ தொலைந்துபோனதால் ஒரே சேனல்தான். வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பக்கத்துப் படுக்கை லாரிக்காரருடையது. முப்பது வருஷம் பாரவண்டி ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். முதல் இரண்டு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் டிவியில் கதாநாயகன் மலைப்பாதையில் காரை விரட்டினான்.

"இந்த வேகத்துல இந்த வளைவுல திருப்பினா வண்டி உருண்டு கீழ கிடக்கும். இவன் ஒரு கையால பொண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் திருப்புறான்" என்றார் லாரிக்காரர், யாரிடம் என்றில்லாமல்.

"அதை விடுங்கண்ணே. மூணு நாளா சேத்துல புரள்றான், தீயில குதிக்கிறான். தோள்பட்டையில ஒரு தையல் பிரியலையே! அந்தச் சட்டையைத் தச்சவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் இயந்திரம் கீச்சிட, நர்ஸ் ஓடிவந்து இருவரையும் திட்டினார்.

அதிலிருந்து தொடங்கியதுதான். உலகத்தை அழிக்க வருகிறவர்கள் ஏன் எப்போதும் அந்த உயரமான கட்டடங்கள் உள்ள ஊருக்கே போகிறார்கள் என்று அக்கா கேட்டால், "நம்ம தெருவுக்கு வந்தா வண்டி நிறுத்த இடம் கிடைக்காதும்மா" என்பார் அவர். பாலைவனப் படம் வந்த அன்று மட்டும் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாத இருவர் முன்னால், கதாநாயகன் ஒரு பாட்டிலை அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். பாதி சட்டையில் வழிந்தது.

"கீழ ஊத்துறான் பாருங்க, படுபாவி" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கப் பிழிந்துபோட்ட துணி மாதிரிக் கிடப்பாள். மறுநாள்தான் தையல் மெஷினில் உட்கார முடியும். அதுவும் ஒரு ஜாக்கெட்டுக்கு மேல் கால் ஓடாது. மூன்று வருஷமாக இதே கதை. பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் கணவர், "இன்னிக்கு என்ன படம்?" என்று கேட்பார். அவருக்கும் வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

அந்த வாரம் ஒரு தீயணைப்பு வீரனின் படம் ஓடியது. சுரங்க ரயில்பாதை இடிந்து, அவன் மனைவியின் கால் இரும்புக்கடியில் மாட்டிக்கொள்கிறது. அவன் சுவர் சுவராகக் குடைந்து போகிறான். முடிய அரைமணி இருக்கும்போது அக்காவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பிறகு கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிட்டது. நர்ஸ் கால்பக்கத்தை உயர்த்தி, குழாயில் சலைன் ஏற்றி, கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது.

கண் திறந்தபோது டிவியில் சோப்பு விளம்பரம். லாரிக்காரர் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ என்ன ஆனா?" என்றாள் அக்கா.

"யாரு?"

"அந்த ரயில்ல மாட்டினவ."

"அவளா? தூக்கிட்டு வந்துட்டான்மா. ஆம்புலன்ஸ்ல உட்கார்ந்து காப்பி குடிக்கிறா. புருஷனை நல்லா திட்டுறா, ஏன் லேட்டுன்னு."

அக்காவுக்கு ஏதோ தெம்பாக இருந்தது. அன்று கணவரிடம் கதை முழுக்கச் சொன்னாள்.

மறுநாள் மதியம் அக்காவின் மகள் அதே படத்தைப் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். கடைசி அரைமணியை அக்கா பார்த்தாள். ஆம்புலன்ஸும் இல்லை, காப்பியும் இல்லை. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் புருஷனை அனுப்பிவிட்டு அவள் உள்ளேயே செத்துப்போகிறாள். அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தன்னிடம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்களோ? "போன தடவைக்கு இப்ப முகம் தெளிவா இருக்கு" என்று டாக்டர் சொன்னதுகூட இந்தக் கணக்குதானோ?

அடுத்த முறை ஊசி குத்தி முடித்ததும் நேராகவே கேட்டாள்.

"ஏண்ணே பொய் சொன்னீங்க? அவ செத்துட்டா."

லாரிக்காரர் தலையை அவள் பக்கம் திருப்பினார். "உன் உதடு வெள்ளையா இருந்துச்சும்மா. ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீ முழிக்கல. படத்தை யாரு பார்த்தா? நான் உன்னையும் அந்த நர்ஸையும்தான் பார்த்துட்டு இருந்தேன். முடிவு எனக்கும் தெரியாது. வாயில வந்ததைச் சொன்னேன்."

அக்காவின் கோபம் இறங்கி, அந்த இடத்தில் வெறும் அசதி மட்டும் மிஞ்சியது. அவளுக்கு அது பழகிய அசதிதான்.

"தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்கண்ணே. இனிமே அப்படியே வச்சுக்கலாம்."

"சரிம்மா."

"எப்படியும் படம் சுமார்தான். ரெண்டு மணி நேரம் தோண்டுறான், நகத்துல ஒரு அழுக்கு இல்லை."

டிவியில் அடுத்த படம் தொடங்கியிருந்தது. யாரோ ஒருவன் விமானத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். லாரிக்காரர் தூங்கிப்போயிருந்தார். அக்கா போர்வையை நல்ல கையால் மார்புவரை இழுத்துக்கொண்டு படத்தைப் பார்க்கத் தொடங்கினாள். மணி ஏழுகூட ஆகவில்லை.