மரத்தூள் பூங்கா

அந்தக் காலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரே ஊரைத்தான் பார்க்கலாம். உடைந்த முகக்கண்ணாடியில் ஒரு ஏரி, தீப்பெட்டிகளில் மாடி வீடுகள், பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளில் ஒரு பூங்கா, நடுவில் ஒரு மணிக்கூண்டு. பெயர் மட்டும் மாறும். திண்டிவனத்தில் வைத்தால் 'நாளைய திண்டிவனம்', எங்களிடம் வைத்தால் 'நாளைய செஞ்சி'. அறுபதுகளின் நடுவில், பத்தாவது படித்தபோது, அப்படி ஒரு நாளைய செஞ்சியை நானும் சேர்ந்து கட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எரிச்சல்தான் வருகிறது.

யோசனை எங்கள் சமூகப் பாட வாத்தியாருடையது. தினமும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைதான் அவருக்குச் செஞ்சி. அதைத் தாண்டி ஒரு தெருவில் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் ஒரு நாள் கரும்பலகையில் நாலு கோடு இழுத்துவிட்டு, "ஊருன்னா இப்படி இருக்கணும்டா" என்றார். வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நானும்தான்.

ஊர் கட்ட அவர் ஒரு முறை வைத்திருந்தார். யார் வீட்டிலிருந்து எந்தப் பொருள் வருகிறதோ, அது மாதிரி ஊரின் பலகையில் எங்கே வரவேண்டும் என்பதை அந்தப் பையனே சொல்லலாம். பிள்ளைகள் ஆசையாகப் பொருள் கொண்டுவர வேண்டுமே, அதற்காக. ஜவுளிக் கடைக்காரர் மகன் கண்ணாடி கொண்டுவந்தான். ஏரி அவன் அப்பா கடைக்கு எதிரில் வந்து நின்றது. மளிகைக் கடைக்காரர் மகன் காலித் தீப்பெட்டிகளைக் கூடை நிறையக் கொண்டுவந்தான். கடைத்தெருவில் அவன் வீட்டுக்கு மட்டும் ஏழு மாடி எழும்பியது. இன்னொருவன் காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து மலை செய்தான். காய்ந்ததும் அது சுருங்கிப்போய், எங்கள் கோட்டை மலையான ராஜகிரி, மணிக்கூண்டின் இடுப்பளவுக்குத்தான் இருந்தது. வாத்தியார் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல, மலைய யாரு அளந்து பாக்கப் போறா" என்றார். ஊரைத் திருத்துகிறோம் என்று நாங்கள் எல்லோரும் மனதார நம்பினோம்.

என் வீட்டில் இந்தக் கண்காட்சியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குக் கிழக்கே, வயல்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது எங்கள் சேரி. குழாய் கிடையாது. வயல்காரர் ஒருவரின் மோட்டார் ஓடினால் வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். மோட்டார் தண்ணீர் விழுகிற தொட்டியில் நாங்கள் கை வைக்கக் கூடாது. கரண்ட் இல்லாத நாளில் அம்மாவும் மற்றப் பெண்களும் குடத்தோடு வரப்பில் உட்கார்ந்து கிடப்பார்கள். கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிற அதிகாரிதான் தெருக்களுக்குக் குழாய் போட உத்தரவு தருகிறவர் என்று எப்படியோ அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது.

"நீ செய்யிற ஊருல நம்ம தெருவையும் வையி" என்றாள். "அதுல ஒரு கொழாவையும் வையி. அவுரு பாத்துட்டு இன்னா இதுன்னு கேட்டா, எங்களுக்குக் கொழா இல்ல சார்னு சொல்லு. அவ்ளோதான்."

நகரத்தை எப்படி அமைப்பது என்று பிற்காலத்தில் தடிமனான புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அம்மா சொன்ன அளவுக்கு உருப்படியான ஒரு வாக்கியம் அவற்றில் கிடைக்கவில்லை.

நைனா, அதாவது என் அப்பா, மரவாடியில் மரம் அறுக்கிறவர். எங்கள் வீட்டிலிருந்து வரக்கூடிய பொருள் மரத்தூள் ஒன்றுதான். ஒரு கோணி நிறையக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "எங்க தெருவ வைக்கணும் சார்" என்றேன்.

"மரத்தூள்ல தெரு வருமாடா? பூங்காதான் வரும்" என்றார் வாத்தியார். பலகையில் மிச்சம் இருந்தது கிழக்கு மூலை மட்டும். "அங்க காலியாத்தான இருக்குது, அங்க தூவு. பெரிய எடம் உனக்குத்தான். உனக்கு உச்சரிப்பு நல்லா இருக்குது, அதிகாரி வரும்போது குச்சிய வச்சிக்கிட்டு நீதான் விளக்கம் சொல்ற."

அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் குச்சி என் கையில் வரப்போகிறது என்ற நினைப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவை வைக்காவிட்டால் என்ன, வாயால் சொல்லிவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் வீட்டின் மேல் நானே மரத்தூளைத் தூவினேன். பச்சை எடுப்பாகத் தெரியட்டும் என்று இரண்டு பிடி கூடுதலாகவே தூவினேன். வாத்தியாரையும் கடைக்காரர்களின் பிள்ளைகளையும் நான் எவ்வளவு வேண்டுமானாலும் ஏளனம் செய்யலாம். அந்த இரண்டு பிடிக்கு நான்தான் பொறுப்பு.

அதிகாரி வந்தார். மாலை விழுந்தது. ஏரியில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். ஏழு மாடிக் கட்டடத்தைப் பார்த்து "பலே" என்றார். கிழக்கு மூலைக்கு வந்ததும் நின்றார்.

"பூங்கா நல்லா இருக்கே. இந்த எடத்துல இப்ப என்ன இருக்கு தம்பி?"

இதைவிட நல்ல கேள்வியை அம்மாவே சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. வாத்தியார் என்னைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சேரி என்ற சொல்லை அத்தனை பேர் முன்னால் என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன், நல்ல உச்சரிப்போடு. "சும்மாதான் கிடக்கிறது."

அதிகாரி பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, "கிழக்கே காலியிடம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எங்கள் ஊருக்கு முதல் பரிசு.

சாயங்காலம் அம்மா தெருமுனையிலேயே காத்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"நோட்ல எழுதிக்கினாரு."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் அவள் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தெருப் பெண்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள். குழாய் எந்த இடத்தில் வரவேண்டும் என்று சண்டை. வேப்பமரத்தடியில் என்றாள் ஒருத்தி. தெருமுனையில்தான் போடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. கடைசியில், அதிகாரியிடம் வாயைத் திறந்து சொன்ன பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை, அதனால் இந்த வாசலில்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நாலு பேர் சேர்ந்து மலையடிவாரத்திலிருந்து ஒரு பலகைக் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, குடம் வைக்க வாகாகப் பதித்தார்கள்.

"மொதக் கொடத்த நீதாண்டா புடிக்கணும்" என்றாள் அம்மா.

மேல்படிப்புக்காக நான் ஊரைவிட்டுப் போகிறவரை குழாய் வரவில்லை. ஆனால் கல் பாசி பிடித்துவிடக் கூடாது என்று அம்மா தினமும் அதைத் தேய்த்துக் கழுவினாள், வரப்பில் காத்துக் கிடந்து கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து.