தகரப் பெட்டியும் தையல் மிஷினும்

ரத்திக் கடை என்பது, ஊர் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை நாம் தூக்கி நிறுக்கிற தொழில். அறுபதுகளில், புதுக்காசை நயா பைசா என்றே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தாராவியில் பழைய பேப்பரும் டப்பாவும் வாங்கி விற்றேன். சிலதை மட்டும் விற்காமல் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தேன். இன்றைய குப்பையில் எது நாளைக்கு விலை ஏறும் என்று எனக்குத் தெரியும். டப்பா சேர்த்து வீட்டில் வசவு வாங்குகிற சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூடி முக்கியம்

பிஸ்கட் டப்பாவோ பவுடர் டப்பாவோ, மூடி இல்லாவிட்டால் அது வெறும் தகரம். மூடியும் இருந்து, படமும் உரியாமல் இருந்தால் யோசிக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.

மாதுங்காவில் ஒரு மாமி நல்ல பிஸ்கட் டப்பா ஒன்றைப் போட்டார். மூடியை மட்டும் தரவில்லை. பால் பாத்திரத்துக்கு அதுதான் சரியான அளவாம். நானும் விடாமல் மூன்று வாரம் போய் நின்றேன். கடைசியில் மாமி வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: “மூடியை உமக்குக் குடுத்துட்டா, பூனை வர நேரத்துக்கு நீர் வந்து பால் மேல உக்காந்துப்பீரா?”

வாலில் விழுந்த மூக்கு

சாமி படம் போட்ட காலண்டரை யாரும் எறிய மாட்டார்கள். அதனால் அது ஊரெல்லாம் இருக்கும், விலை ஏறாது. எல்லோரும் எறிகிறதைத்தான் எடுக்க வேண்டும்: தீப்பெட்டி லேபிள், சோப்பு உறை, இந்த மாதிரி. அதிலும் அச்சு பிசகியது கிடைத்தால் விடவே கூடாது.

ஒரு லேபிளில் கிளியின் மூக்குச் சிவப்பு விலகிப்போய் வாலில் விழுந்திருந்தது. அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை! ஒழுங்கான கிளிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை மட்டும் பெட்டியில் வைத்தேன். கைவண்டிக்காரச் செல்லத்துரை பார்த்துக்கொண்டே நின்றான். “மூக்கு மூஞ்சியில இருக்க கிளியத் தூரப் போட்டுட்டு, வாலுல இருக்கதப் பொத்தி வைக்கியளே அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்றான்.

ஒரே ஒரு மூலை

எங்கள் பத்துக்குப் பத்து அறையில் காலியாக இருந்தது ஒரே ஒரு மூலை. அங்கே என் பெட்டி உட்கார்ந்திருந்தது. என் மனைவி பேச்சியம்மாளுக்கும் அந்த மூலைதான் வேண்டும். சுனாபட்டியில் இருந்த அவள் அண்ணன் தன் பழைய தையல் மிஷினைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது வந்தால் ஜாக்கெட் தைத்துத் தானும் சம்பாதிக்கலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தாள். நான் இரண்டு வருஷமாக ‘பொறு, பொறு’ என்றே ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் தாதர் பக்கத்துப் பார்சிக் கிழவர் ஒருவர், இந்த மாதிரிச் சாமான் சேர்க்கிறவர், ஆயுத பூஜைக்கு மறுநாள் பெட்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேச்சியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: “அவரு ஒரு டப்பா வாங்கட்டும், பெட்டி இங்கனயே இருக்கட்டும், நான் வாயத் தொறக்கல. வாங்கலன்னா அன்னைக்கே பெட்டி வெளிய, மிஷின் உள்ள!”

ஆயுத பூஜை

தராசுக்கும் படிக்கல்லுக்கும் கைவண்டிக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். நாளைக்கு மானத்தைக் காப்பாற்றப் போகிற பெட்டியை விடலாமா? பெட்டிக்கு மட்டும் வைத்திருந்தால் பிழைத்திருப்பேன். பக்தி முற்றி, ஒவ்வொரு டப்பாவுக்கும், ஒவ்வொரு லேபிளுக்கும் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தேன்.

மறுநாள் பார்சிக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். டப்பாவில் ஒட்டியிருந்த காகிதம், லேபிள் எல்லாவற்றிலும் சிவப்பு ஊறியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். படமும் சேர்ந்து வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டி இந்தியில் சொன்னது இதுதான்: “குப்பைன்னு தூக்கிப் போட்டிருந்தா நானே வந்து பொறுக்கியிருப்பேன். நீ சாமி ஆக்கிட்டியே பாபா!”

அன்றைக்கே பெட்டி வெளியே போய் மிஷின் உள்ளே வந்தது. எது விலை ஏறும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும், அதைக் கும்பிடாமல் இருக்கத்தான் தெரியவில்லை.