அவள் ‘ஆனா’ சொன்ன நாள்

அந்த நான்கு வருடங்களும் புதன்கிழமை என்றால் எனக்கு முசரவாக்கம் சாலைதான். திங்களன்று ஓரிக்கைப் பக்கம், செவ்வாயன்று கூரம் பக்கம், புதனன்று முசரவாக்கம் தாண்டி ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளி. ஸ்கூட்டியின் முன்னால் படஅட்டைப் பை, பின்னால் சாப்பாட்டுக் கூடை. பேச்சுப் பயிற்சியாளர் என்பது என் வேலையின் பெயர். பிள்ளைகள் என்னைப் ‘பேச்சு மிஸ்’ என்றார்கள். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளியில் எனக்கென்று அறை கிடையாது. சத்துணவு அரிசி மூட்டைகள் இருந்த அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுத் தந்திருந்தார்கள். பதினொரு மணிக்குப் பக்கத்துச் சமையலறையில் சாம்பார் கொதிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் என் படங்களைப் பார்க்காது. ஆகவே கஷ்டமான பயிற்சிகளையெல்லாம் பத்தரைக்குள் முடித்துவிடுவேன்.

திக்குகிற பிள்ளைகளும் ‘ர’ சொல்ல வராத பிள்ளைகளும்தான் என் பொறுப்பு என்று அங்கே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதனால் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண் நன்றாகப் பேசுகிறவள்.

“இவளுக்கு வாயெல்லாம் நல்லாத்தான் இருக்குது மேடம். சொன்ன பேச்சுதான் கேக்க மாட்டேங்கறா. நேத்து ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி அடிச்சிட்டா. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க,” என்றார் டீச்சர்.

அவர் போன பிறகு அந்தப் பெண்ணிடம் சாதாரணமாகச் சொன்னேன்: “அலமாரியில இருக்கற நீல நோட்டை எடுத்து, ஜன்னல்ல வெச்சிட்டு, கதவைச் சாத்திட்டு வாம்மா.”

போனாள். கதவைச் சாத்தினாள். வந்து நின்றாள்.

“நோட்டு?”

“நீங்க நோட்டு சொல்லல மிஸ். கதவு மட்டும்தான் சொன்னீங்க.”

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்டது அவ்வளவுதான். ஒவ்வொன்றாகச் சொன்னபோது மூன்றையும் சரியாகச் செய்தாள். வாக்கியம் நீண்டால் அதன் முன்பாதி அவள் மனதில் தங்குவதில்லை. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசைப்படுத்துவதும் அவளுக்குக் கடினம். காலையிலிருந்து இப்படிப் பாதியைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்து, திட்டு வாங்கி, மதியத்துக்குள் களைத்துப்போவாள். அதன் பிறகுதான் கையில் கிடைத்ததை எறிவாள். மற்றவர்கள் பார்த்தது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். கண்டிப்பானவர், ஆனால் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர். “நாப்பது பேர் உக்காந்துக்கினு இருக்கற க்ளாஸ்ல ஒருத்திக்காக நிறுத்தி நிறுத்திப் பேச முடியுமா மேடம்?” என்று கேட்டார்.

அதற்கு ஒரு வழி என்று நினைத்து நான் ஒரு தவறு செய்தேன். மஞ்சள் அட்டையில் ‘எனக்குப் புரியவில்லை’ என்று அழகாக எழுதி அவளிடம் கொடுத்தேன். புரியாதபோது மேசைமேல் வைத்தால் டீச்சர் மறுபடி சொல்வார் என்பது ஏற்பாடு. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அடுத்த புதன்கிழமை அவள் அந்த அட்டையை நான்கு துண்டுகளாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“எல்லாரும் பாக்கறாங்க மிஸ்,” என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. குழந்தையின் கழுத்தில் நானே பலகை மாட்டியிருக்கிறேன். டீச்சரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. “அவ மட்டும் கேட்டாதானே தெரியும். நான் ஒண்ணு சொன்னதும் எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்களுக்கு அத்தத் திருப்பிச் சொல்லட்டும். யாருக்குப் புரியலன்னு யாருக்குத் தெரியப்போவுது?” என்றார்.

எனக்குத் தோன்றாத யோசனை. இரண்டு வாரத்தில், வகுப்பில் வேறு ஐந்தாறு பேரும் சொன்னதைப் பாதிதான் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

நான் அவளோடு வேறொன்று செய்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போடுவோம். முதலில் என்ன, அடுத்து என்ன, அப்புறம் என்ன, கடைசியில் என்ன. எழுத அவளுக்குப் பிடிக்காது, அதனால் படமாகப் போடுவாள். பிறகு படத்தைக் காட்டி வாயால் சொல்ல வேண்டும். அவளுடைய கதைகளெல்லாம் துண்டு துண்டாக இருக்கும். ‘அப்புறம்’ என்ற ஒரே சொல்லில்தான் எல்லாவற்றையும் கோப்பாள். ஏன் நடந்தது, நடந்ததால் என்ன ஆயிற்று என்பதற்கெல்லாம் அவளிடம் சொல் இல்லை.

மார்கழி மாதம் ஒரு புதன்கிழமை நான் வண்டியை நிறுத்தும்போதே தலைமையாசிரியை அறை முன்னால் கூட்டம். அவள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் குழாயடியில் தள்ளிவிட்டாளாம். அந்தப் பெண்ணின் நெற்றியில் சிராய்ப்பு. அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து நின்று, இவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்கிறார்கள். இவளை ஐந்து பேர் மாறி மாறி, ஏன் தள்ளினாய் என்று கேட்டாயிற்று. சுவரைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நிற்கிறாள்.

“பாருங்க, எவ்ளோ திமிரு,” என்றார் அந்தப் பெண்ணின் அப்பா.

தலைமையாசிரியையிடம் பத்து நிமிடம் கேட்டேன். இவளை வராந்தாவின் மறுகோடிக்கு அழைத்துப்போய், தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டேன். எதுவும் கேட்கவில்லை. சாக்பீஸை அவள் பக்கம் தள்ளினேன். எடுத்தாள். முதல் கட்டத்தில் ஒரு நோட்டு. இரண்டாவதில் அந்த நோட்டைப் பிடித்த ஒரு கை, சுற்றிலும் சிரிக்கிற வாய்கள். மூன்றாவதில் கையை நீட்டியபடி அவள். நான்காவதில் கீழே விழுந்த ஒருத்தி.

தலைமையாசிரியையும் கணக்கு டீச்சரும் வந்து நின்றார்கள். அவள் மெதுவாக, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொன்னாள்.

“என் நோட்ட எடுத்தா. என் படத்தயெல்லாம் காட்டி, மக்குன்னு சொல்லிச் சிரிச்சாங்க. குடு, குடு, குடுன்னு மூணு வாட்டி கேட்டேன். தள்ளுனேன்.” நிறுத்தினாள். பிறகு, “தள்ளுனது தப்பு. ஆனா முதல்ல அவதான் எடுத்தா,” என்றாள்.

அதுவரை நான் அவள் வாயில் ‘ஆனா’ என்ற சொல்லைக் கேட்டதில்லை. என் கண் நிறைந்துவிட்டது. மற்றவர்களுக்குக் காரணம் புரிந்திருக்காது. டீச்சர் மட்டும் என் தோளைத் தொட்டார்.

டி.சி. பேச்சு அதோடு முடிந்தது. இருவரையும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் தலைமையாசிரியை. நோட்டைப் பிடுங்கியதை அந்தப் பெண் தன் அப்பாவின் எதிரிலேயே ஒப்புக்கொண்டாள். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

மதியம் இவளுடைய அம்மா வந்தார். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. மேல்கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் பாதி நாள் லீவு போட்டு வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். வராந்தாத் தரையில் அழியாமல் இருந்த கட்டங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் இப்படித்தாம்மா,” என்றார். “சூப்பர்வைசர் வரிசையா நாலு வேலை சொன்னா எனக்குக் கடைசிதான் நிக்கும். திமிர் புடிச்சவன்னு சொல்லிச் சொல்லியே எட்டாவதோட நிறுத்திட்டாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் வரை அவருடைய ஒரு நாள் வேலையை இரண்டு பேரும் படமாகப் போட்டோம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “மெஷினுக்கு முன்னாடி என்னம்மா? வரிசையாச் சொல்லு,” என்று திருத்திக்கொண்டிருந்தாள்.

என் ஒப்பந்தம் முடிந்து, இப்போது டவுனில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். ஏ.சி. அறை, நல்ல பொம்மைகள், பிள்ளைக்கு அரை மணி நேரம். வேலையில் குறையில்லை. ஆனால் நான் தப்பாகச் செய்தால் சிரித்துவிட்டுச் சரியான வழி சொல்ல, நாற்பது பிள்ளைகளை நடத்துகிற ஒரு டீச்சர் பக்கத்தில் இல்லை.

போன வைகாசியில் கருடசேவைக் கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார்கள். திரும்பினால், கட்டம் போட்ட அதே பெண். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறாளாம். என்னைவிட உயரமாகிவிட்டாள். அன்று காலை பஸ்ஸைத் தவறவிட்ட கதையை நடுவில் ஆரம்பித்து, முடிவைச் சொல்லி, பிறகு ஆரம்பத்துக்குப் போய், தோழிகள் கூப்பிடக் கூப்பிட நகராமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வெயிலில் நின்று முழுவதையும் கேட்டேன்.