ஒருக்களித்துப் படுத்த வரிமீன்

பெருங்காயம் தாளித்த கொண்டைக்கடலைச் சுண்டலின் மணமும் ஈரக் கூழாங்கல்லின் பாசி வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். தற்பெருமை கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற விஷயங்களில் அந்த உபதேசத்தை முடிந்த மட்டும் கேட்டு நடந்திருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் கேட்பதாக இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஹைதராபாத்தில், லோத்குண்டாவில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே அவரோடு வேலை பார்த்த வங்காளி நண்பர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, எடுத்துப் போக முடியாத தன் மீன்தொட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி, இரும்புத் தாங்கி, மேலே ஒரு குழல்விளக்கு. அம்மா திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்தவள்; அவளுடைய சமையலறைக்குள் முட்டை கூட நுழைந்ததில்லை. 'மீன்' என்ற சொல்லையே அவள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். தொட்டியைப் பால்கனியில் வைத்து அதில் வெங்காயம் கொட்டிவிட்டாள். ஏழு மாதம் அது வெங்காயத் தொட்டியாகவே இருந்தது.

நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது கடைசிப் படிக்குக் கீழே மணல் பரப்பி, கடுகு முளைக்கப் போட்டு, நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. அந்த வருடம் கண்ணாடி வேண்டாம், நிஜக் குளம் வைக்கிறேன் என்று அடம்பிடித்தேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மூன்று நாள் நச்சரித்த பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"ஏட்டி, ஒம்பது நாளும் ஒண்ணுகூடச் சாகக் கூடாது, கேட்டியா? அம்பாள் வந்து இருக்க எடத்துல ஒரு உசுரு போச்சுன்னா என்னால தாங்க முடியாது. ஒண்ணு செத்தாலும் அந்தானைக்குத் தொட்டி வெங்காயத்துக்குத்தான்."

ஆக, எனக்கு வேண்டியது அழகான மீன்கள் அல்ல; ஒன்றையொன்று கொல்லாத மீன்கள். இது வீட்டில் வேறு யாருக்கும் புரியவில்லை. தங்கமீன் ஜோடிதான் மங்களகரம் என்றாள் அம்மா. ஏஞ்சல் மீன் கோபுரம் மாதிரி இருக்கும் என்றார் அப்பா. ஒன்பதாவது படித்த அண்ணனுக்கு டைகர் பார்ப்தான் வேண்டும். அதன் பெயரில் புலி இருக்கிறது என்பதைத் தவிர அவனிடம் வேறு காரணம் இல்லை.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சலீம் பாயின் வளர்ப்பு மீன் கடை இருந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் அங்கே நின்றேன். சலீம் பாய்க்கு வந்தவர்களிடம் எதையாவது விற்றுவிட வேண்டும். "கைக்கு டர்தே பேட்டா? சப் மில்கே ரஹ்தே," எதற்குப் பயப்படுகிறாய், எல்லாம் சேர்ந்தே இருக்கும் என்பார். நான் "நக்கோ பாய்", வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருப்பேன். டைகர் பார்ப் சும்மா இருக்கவே இருக்காது; பக்கத்தில் எவன் வால் நீளமாகத் தொங்குகிறதோ அதைப் போய்க் கடிக்கும். ஏஞ்சல் பார்வைக்குப் பரம சாது. ஆனால் தன் வாய்க்குள் அடங்குகிற அளவில் ஒரு பொடிமீன் எதிரே வந்தபோது அது என்ன செய்தது என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். தங்கமீன் தின்று தின்று தண்ணீரைக் கலக்கிவிடும், அதற்கு மற்றவற்றைவிடக் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். ஃபைட்டரைப் பற்றி எழுதவே வேண்டியிருக்கவில்லை. அதைப் பாயே தனிப் புட்டியில்தான் வைத்திருந்தார்.

அந்தக் கடையில் ஒருநாள் நான் அலறியிருக்கிறேன். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட 'லோச்' என்ற மீன் ஒன்று தொட்டியின் அடியில் ஒருக்களித்துச் சரிந்து கிடந்தது. "பாய், செத்துப்போச்சு!" என்று கத்தினேன். அவர் தலையைக்கூடத் திருப்பாமல், "மரா நை, சோரா," என்றார். சாகவில்லையாம், தூங்குகிறதாம். நான் நம்பவில்லை. அவர் தொழுகைக்குக் கிளம்பித் தொட்டி விளக்குகளை அணைத்தபோது, செத்துக் கிடந்த மீன் எழுந்து மீசையை ஆட்டிக்கொண்டு இரை தேடிப் போயிற்று. வெளிச்சத்தில் சோம்பேறி, இருட்டில் சுறுசுறுப்பு. வரிமீன் என்று பெயர் வைத்து அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் என் பட்டியலை நிலைநாட்டக் கொலுவே கை கொடுத்தது. "மீனுக்கும் படி இருக்கும்மா" என்றேன். தண்ணீரின் மேல்தட்டில் ஓடித் திரிய ஆறு கோடுபோட்ட டேனியோ. நடுத்தட்டுக்குச் சிவப்பு பிளாட்டி நான்கு. அடித்தட்டுக்கு வரிமீன் மூன்று. அவரவர் படியில் அவரவர் இருந்தால் சண்டைக்கு இடம் ஏது? எல்லாம் விரல் நீளத்துக்குள் இருக்கிற மீன்கள், ஒருவர் வாயில் ஒருவர் அடங்க மாட்டார்கள், நீண்டு தொங்கும் வாலும் யாருக்கும் கிடையாது. அம்மா கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அண்ணன் மட்டும் புலி இல்லாத தொட்டி ஒரு தொட்டியா என்று முனகினான். வரிமீன் வளர்ந்தால் முழங்கை நீளம் வரும், அதற்குப் பெரிய தொட்டி வேண்டும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அந்த ஒன்பது நாளைக்கு என் கணக்கில் பிசகு இல்லை.

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை போக வாளி வாளியாகப் பிடித்துத் திறந்து வைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில், வீட்டு வாளிகளையெல்லாம் மீனுக்குக் கொடுத்துவிட்டு அண்டாவில் துணி அலசிய அம்மாவின் பொறுமையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அமாவாசையன்று படிகள் ஏறின, குளத்துக்கு விளக்கு எரிந்தது.

கீழ்வீட்டுப் பெண்கள் வாசலில் பூக்களை அடுக்கிச் சுற்றிவந்து பதுக்கம்மா பண்டிகைப் பாட்டுப் பாடி முடித்துவிட்டு மாடியேறி வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பொம்மைகளைப் பார்க்க வந்தவர்கள் மீனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை பதின்மூன்று தலைகளை எண்ணுவது. எனக்குத் தெரியாமல் அம்மாவும் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது ஐந்தாம் நாள் அவள் வாய் முணுமுணுத்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எட்டு நாள் கழிந்தது. எண்ணிக்கை குறையவில்லை.

ஒன்பதாம் நாள் ஆயுதபூஜை. தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பூஜை போட்டுக் கொடுத்த பொரிப் பையை அப்பா கொண்டுவந்திருந்தார். அன்று சாயங்காலம் கோமதி அத்தை வந்தாள். பாலாநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அவள்தான் மூத்தவள். எந்த வீட்டுக் கொலுவில் என்ன குறை என்பது அவள் வாயிலிருந்து மற்ற வீடுகளுக்குப் போகும் என்பதால், அவள் வருகிறாள் என்றாலே அம்மா புடவையைச் சரிசெய்துகொள்வாள். அத்தைக்குப் பிறந்த ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். அங்கே ஆற்றங்கரையில் கோயில் மீன்களுக்குப் பொரி போடாமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. யாரும் தடுப்பதற்குள் தட்டிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி உள்ளே தூவி, "தாயே, ஒலகம்மா!" என்று தன் ஊர் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டாள்.

தண்ணீர்மேல் வெள்ளையாகப் பொரி படர்ந்தது. டேனியோக்கள் மிரண்டு ஓடின. அத்தனை நாளும் கல்லுக்குப் பின்னால் படுத்துக்கொண்டிருந்த வரிமீன்களில் ஒன்று அன்று பார்த்து முன்னால் வந்து, எல்லார் கண்ணுக்கும் எதிரே ஒருக்களித்துச் சரிந்தது.

கோமதி அத்தையின் கை கும்பிட்டபடி நின்றுவிட்டது. "ஐயோ, செத்துட்டுல்லா! நான் பொரி போட்டதுலயா?" என்றாள். ஊர்க் கொலுவுக்கெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிறவள், தன் கையால் ஒரு கொலு வீட்டில் உயிர் போய்விட்டதே என்று பதறினாள்.

"சாகல அத்தை. தூங்குது."

"மீனு தூங்குமாட்டி? கண்ண முழிச்சிட்டுல்லா கெடக்கு!"

அம்மா, அடுத்து வருகிறவர்கள் பார்ப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று சுண்டல் கரண்டியோடு தொட்டியை நெருங்கினாள். நான் குறுக்கே போய் நின்றேன். "தொடக் கூடாது" என்றேன். அம்மாவிடம் அப்படிக் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. உள்ளுக்குள் எனக்கும் சந்தேகம்தான். பொரியில் உப்பு இருந்திருந்தால்? மிரட்சியில் நிஜமாகவே போயிருந்தால்? ஆனாலும் இரண்டு வாரம் நின்று பார்த்தது நான்தானே என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டித் தொட்டி விளக்கை அணைத்தேன்.

கொலு பார்க்க வந்திருந்தவர்களையும் சேர்த்து நான்கைந்து பெண்கள் தொட்டியைச் சுற்றி நின்றோம். குத்துவிளக்கின் வெளிச்சம் மட்டும் கண்ணாடியில் ஆடியது. வரிமீன் அசையவில்லை. அம்மாவின் கரண்டி என் தோளுக்கு மேலே வந்துவிட்டது. அப்போது அதன் வால் லேசாகத் துடித்தது. உடம்பை ஒரு புரட்டுப் புரட்டி நிமிர்ந்து, மீசையை ஆட்டிக்கொண்டு, ஊறி அடியில் இறங்கியிருந்த ஒரு பொரியை முகர்ந்து பார்க்கப் போயிற்று.

"அடி கள்ளி!" என்று கோமதி அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இதெல்லாம் யாரு பாத்து எடுத்தா?" என்று கேட்டாள்.

"எம் மகதான்," என்றாள் அம்மா. "ரெண்டு வாரம் கடையில நின்னு, ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாததா பாத்துப் பாத்து எடுத்தா. ஒம்பது நாள்ல ஒண்ணுகூடப் போகல."

பிள்ளைகளை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று நம்புகிறவள் என் அம்மா. ஊர்க்கண் முழுவதையும் வைத்திருக்கிற கோமதி அத்தைக்கு எதிரிலேயே அதைச் சொன்னாள். "கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கவன்கூட இவ்வளவு பாக்க மாட்டான்," என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்கள் போன பிறகு, தண்ணீரில் ஊறும் பொரியை எடுக்க அம்மா தன் டீ வடிகட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். முட்டை நுழையாத சமையலறையின் வடிகட்டி அது.

மறுநாள் விஜயதசமி. சாயங்காலம் ஆரத்தி எடுத்த பிறகு, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். அம்மா மரப்பாச்சியைக் கையில் எடுத்தாள். கீழே வரிமீன் தன் பாட்டுக்கு ஒருக்களித்துக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துச் சிரித்துவிட்டு, மரப்பாச்சியையும் மல்லாத்தாமல் அதே பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

தொட்டி பிறகும் ஆறு வருடம் எங்களோடு இருந்தது. வெங்காயத்துக்குத் திரும்பவே இல்லை. வரிமீன்கள் பெரிதானதும் சலீம் பாயே தன் பெரிய தொட்டிக்கு வாங்கிக்கொண்டார். இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். கோமதி அத்தை இல்லை. எங்கள் தொட்டியும் ஒரு வீடு மாற்றலில் விரிசல் விட்டுப் போயிற்று. கணக்கு நோட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

போன வருடம் அண்ணனுக்குக் கல்யாணமாகி வந்த முதல் கொலு. ஆமாம், புலி மீன் கேட்டவனுக்கு மிகத் தாமதமாகத்தான் பொருத்தம் அமைந்தது. தசமியன்று மதினி மரப்பாச்சியை எடுத்து, தஞ்சாவூரில் அவள் பிறந்த வீட்டில் செய்வது போல மல்லாக்கப் படுக்க வைத்தாள். அம்மா மெல்ல எழுந்துவந்து அதை ஒருக்களித்துத் திருப்பினாள்.

"ஏன் அத்தை இப்படி?" என்றாள் மதினி.

"எங்க வீட்டு வழக்கம் இது," என்றாள் அம்மா.

எத்தனை தலைமுறைக்கு முன்னால் எந்தப் பெரியவர் ஏற்படுத்தியதோ என்ற மரியாதையோடு மதினி தலையாட்டிக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு சுண்டல் தின்றேன்.