ஜிம்மிக்குச் சொன்ன இங்கிலீஷ்

எங்கள் பக்கத்தில் நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறவர்கூட நாயைக் கண்டால் 'கம்', 'சிட்' என்று மாறிவிடுவார். உத்திரமேரூரிலிருந்து தூக்கி வந்த நாட்டுக்குட்டிக்கு என் பெரியப்பா ஜிம்மி என்று பேர் வைத்து, அதன் எதிரில் மட்டும் துரையாக வாழ்ந்தார். தமிழ் அதற்கு ஏறாது என்பது அவருடைய முடிந்த முடிவு.

அதனால்தான் ஜிம்மி பக்கத்து வீட்டு அடைக்கோழியைத் தின்ற அன்று, அதை எதிரில் வைத்துக்கொண்டே பெரியம்மாவிடம் தீர்ப்பைச் சொன்னார்.

"வியாயக்கெயமை சாலவாக்கம் போற மாட்டு வண்டில ஏத்திக்கினு போய் அங்கியே வுட்டுட்டு வந்துட்றேன். இத்தோட பெரிய பேஜாரா கீது."

"வுட்டுட்டு வாங்க. சனியன் தொலயட்டும்," என்றாள் பெரியம்மா. அவளுக்கும் ஜிம்மிக்கும் துடைப்பத்தைத் தவிர வேறு உறவு இருந்ததில்லை.

ஜிம்மி வாலை ஆட்டியது. விஷயம் அதற்கு எட்டவில்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆங்கிலத்தில் யாராவது எச்சரித்தால் எங்காவது ஓடிப் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலம் படித்தவன், மூன்றாம் வகுப்பிலிருந்த நான் ஒருவன்தான்.

புதன்கிழமை சாயங்காலம் வைக்கோல்போருக்குப் பின்னால் அதை உட்காரவைத்தேன். "தர்ஸ்டே. பஸ். யூ கோ. கோ, ஜிம்மி, கோ." மாட்டு வண்டிக்கு ஆங்கிலத்தில் என்ன பேர் என்று தெரியாததால் பஸ்ஸை வரவழைத்திருந்தேன். எங்கே ஓடுவது என்று சொல்ல அதற்கு மேல் சரக்கில்லை. அது என் முகத்தை நக்கியது.

வறட்டி எடுக்க வந்த பெரியம்மா நின்று பார்த்தாள். "இன்னாடா, நாய்க்குப் பாடம் நடத்திக்கினு கீற? போய் சோறு துன்னு."

மறுநாள் காலை ஜிம்மி இல்லை. பெரியப்பா கையில் கயிற்றோடு தெருத்தெருவாக 'கம், கம்' என்று அலைந்துவிட்டு வந்தார். "அதுக்குத் தமியும் தெரிஞ்சிகீதுடா," என்றார் மரியாதையோடு. புரிந்தது யாருடைய ஆங்கிலம் என்று எனக்குத் தெரியாதா.

அறுவடை முடிந்து பெரியப்பாவின் கோபம் ஆறியபிறகு, திருப்புலிவனத்திலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய பெரியம்மாவோடு ஜிம்மியும் வந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. "வய்யில கெட்ச்சிது," என்றாள்.

அதையும் என் ஆங்கிலத்தின் கணக்கிலேயே பல வருஷம் வைத்திருந்தேன். அவளுடைய அண்ணன்தான் பிற்பாடு ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். அந்தப் புதன்கிழமை பொழுது சாய்ந்தபின் பெரியம்மா நாயை இழுத்துக்கொண்டு நடந்தே வந்தாளாம். "புள்ள அயுவுது, ரெண்டு மாசம் வெச்சிரு," என்றாளாம்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவளுக்கு நான் பேசிய ஆங்கிலம் ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கிறது. நான் அழுதேன் என்பது எனக்கே அப்போது தெரியாது.