இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, போர்வை மடித்தது. அவள் பக்கம் இரண்டு முனை, என் பக்கம் இரண்டு முனை. பாதியில் அவள் கை நின்றது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. பிறகு போர்வையை வெடுக்கென்று இழுத்தாள்.

“ஏன்டி நடுவுல நின்னுட்ட? கனவா?”

நின்றது நானல்ல.

அம்மாவுக்கு வேலையே டிவி பார்ப்பதுதான். செட்டாப் பாக்ஸ் செய்யும் தொழிற்சாலையின் சோதனை அறையில் உட்கார்ந்து, படம் உறைகிறதா, உடைகிறதா, தாவுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கருவி தவறவிட்டதையும் அவள் கண் பிடித்துவிடும். கூட வேலை செய்பவர்கள் ‘கழுகு’ என்றார்கள். “கழுகுக்கு ஓவர்டைம் கிடையாது, எனக்கு உண்டு” என்பாள்.

புதிய பெட்டிக்குள் யாருடைய சிப் போவது என்று இரண்டு கம்பெனிகளுக்குள் போட்டி. ஆளுக்கொரு சிப் வைத்த இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்கள். இரண்டிலும் படம் தாவுகிறது என்றாள் அம்மா. கருவியின் பதிவில் தாவல் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவள் கண்ணைத்தான் நம்பினார்கள்.

“உங்க சிப்தான் எங்க பெட்டியையும் சேர்த்துக் கெடுக்குது” என்றாராம் ஒரு கம்பெனி இன்ஜினியர்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாராம் மற்றவர்.

இருவரும் தங்கள் தங்கள் சிப்பை மாற்றிக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் தாவியது. இரண்டிலும், ஒரே நேரத்தில்.

நான் சர்க்யூட் வடிவமைப்பவள். தனித்தனியான இரண்டு பொருளில் ஒரே நேரத்தில் ஒரே பிழை வந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். கேபிள், மின்சாரம், சிக்னல் எல்லாவற்றையும் சூப்பர்வைசர் மாற்றிப் பார்த்துவிட்டார் என்று அம்மாவே சொல்லியிருந்தாள். மிச்சமிருந்தது, இப்போது போர்வையோடு என் எதிரே நின்றது.

சொன்னேன். அவள் இன்னொரு மடிப்பு மடித்தாள்.

“தெரியும்டி. செய்தி வாசிக்கிறவ மழைன்னு ஆரம்பிக்கிறா, அடுத்த வார்த்தை தேர்தல்ங்கிறா. நடுவுல நான் எங்க போனேன்னு தெரியல. கண்ணைச் சிமிட்டவே பயமா இருக்கு.”

“டாக்டர்கிட்ட போலாம்மா.”

“போனா வேலைக்கு வேணாம்பாங்க. இந்தக் கண்ணை விட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

போர்வையை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“சரி, நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்லிடறேன். பாவம், அந்த ரெண்டு பசங்களும் தூக்கமில்லாம அலையறானுங்க. மத்தியானம் நீ ஃபாக்டரி கேட்டுக்கு வந்துடு. அப்படியே டாக்டர்கிட்ட போயிடலாம்.”

மறுநாள் காலை, தொழிற்சாலைக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிட்டாள்.

“ஹாரன் அடிச்சேன் சார். என்னைப் பாத்துக்கிட்டேதான் நின்னாங்க” என்று லாரி டிரைவர் போலீசிடம் அழுதார்.

பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் டிவியில் படம் லேசாகத் தாவினாலும் நின்றது நானோ என்று கையை நீட்டி விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

துக்கம் விசாரிக்கச் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்திருந்தார்.

“அம்மா வீட்டுலேர்ந்து கிளம்பும்போது போன் பண்ணாங்கம்மா. நேர்ல வந்து ஒண்ணு சொல்லணும்னாங்க. என்னன்னு தெரியல.” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “ரெண்டு கம்பெனியும் மறுபடி சிப்பை மாத்தி அனுப்பியிருக்கு. அம்மா பாத்துச் சொல்லட்டும்னுதான்...”

அவள் சொல்லப் போனதைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.