சங்கு ஊதாத நாள்

சுரங்கத்தின் மத்தியானச் சங்கு ஊதியதும் அம்மாவை ஒருக்களித்துப் புரட்டினேன். அவள் படுக்கையில் விழுந்து நாலு வருடம் ஆகிறது.

எனக்குப் பத்து வயதில், வாதம் வந்து பேச்சிழந்த அப்பா இதே கட்டிலில்தான் கிடந்தார். அம்மா குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள என் படிப்பை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள்.

"மைன்ஸ் சங்கு ஊதுனா அப்பாவப் பொரட்டிப் போடுடி" என்பாள்.

ஒருநாள் மைன்ஸில் ஸ்ட்ரைக். அது தெரியாமல் சங்குக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அம்மா வந்து புரட்டியபோது, மூத்திரத்தில் நனைந்த துணியோடு அப்பாவின் முதுகுத் தோலும் உரிந்து வந்தது. அந்தப் புண்ணிலேயே அவர் போய்விட்டார்.

"உங்கப்பனுக்குச் சீக்கிரமா வுடுதல குடுத்துட்ட. என்ன மட்டும் ஏண்டி பொரட்டிப் பொரட்டி வச்சிக்கினு இருக்க?" என்றாள் அம்மா இன்று.

அவள் முதுகில் பவுடர் தடவினேன்.